தொட்டிக்குள் போன கருப்பட்டி

எனக்கு முன்கோபம் அதிகம் என்று என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. ஆனால் என் வாழ்க்கையில் அந்தக் கோபத்தால் கெட்டதை விட நல்லது ஒன்று பெரிதாக நடந்திருக்கிறது. எழுபதுகளில், புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், தூத்துக்குடியில் நடந்தது அது.

நான் அப்போது நுண்ணுயிரியல் படித்து முடித்துவிட்டு பாக்டீரியா வளர்க்கும் வேலையில் இருந்தேன். ஊரில் கேட்பவர்களுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "கிருமிய கொல்லத்தான படிப்பாவ, நீ எதுக்குளா வளக்க?" என்று ஒரு பெரியம்மா ஆலய வாசலில் வைத்துக் கேட்டாள். சம்பளத்துக்கு என்றேன். அவளுக்கு அது புரிந்தது.

உண்மையில் விஷயம் எளிமையானதுதான். நெசவு மில்லில் நூல் அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். துணியான பிறகு அந்தக் கஞ்சியை எடுத்தால்தான் சாயம் ஒட்டும். வெறும் தண்ணீரில் அலசினால் அது போகாது. அதை வெட்டிக் கரைக்க ஒரு என்சைம் வேண்டும். அந்த என்சைமைச் சில மண் பாக்டீரியாக்கள் தாமாகவே செய்கின்றன. மாவுச்சத்து அவற்றின் உடம்புக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. அதனால் அவை என்சைமை வெளியே துப்பி, மாவை வெளியிலேயே துண்டு துண்டாக்கி, பிறகு உறிஞ்சிக்கொள்ளும். இப்படி அவை துப்புவதைச் சேகரித்து விற்பதுதான் எங்கள் தொழில். பாக்டீரியாவை வடிகட்டி எறிந்துவிடுவோம், சாறுதான் சரக்கு.

என் பாக்டீரியாவை நானே ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் மண்ணிலிருந்து பிரித்தெடுத்தேன். மாவு கலந்த தட்டில் வளர்த்து அயோடின் ஊற்றினால் மாவு இருக்கிற இடமெல்லாம் நீலமாகும். என்சைம் துப்புகிற பாக்டீரியாவைச் சுற்றி மட்டும் நீலம் பிடிக்காமல் வட்டமாக வெளிறி நிற்கும். என்னுடையதைச் சுற்றி இருந்த வட்டத்தைப் பார்த்து என் பேராசிரியரே வாயைப் பிளந்தார். பிள்ளை பெற்றவள் போல எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

முதலாளி கருப்பட்டி மொத்த வியாபாரி. ஊரே அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே அழைத்தேன். மில்லில் இருந்த ஒரு நண்பர், வெளிநாட்டு என்சைம் டின் சரியாக வருவதில்லை என்று புலம்பியபோது, "வெளிநாட்டுக்காரன் செய்வான், நமக்குச் செய்ய வராதாக்கும்?" என்று அண்ணாச்சி கேட்டுவிட்டார். கேட்டுவிட்டால் பின்வாங்குகிற ஆள் இல்லை. கருப்பட்டிக் கிடங்கின் நடுவில் சுவர் எழுப்பி, பாதியை எங்களுக்குக் கொடுத்தார். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் சொல்லி ஆள் உயரத்துக்கு மேலாக ஒரு எவர்சில்வர் டேங்க் செய்து வாங்கினார். அடியில் காற்று போகக் குழாய், நடுவில் துடுப்பு, மேலே ஒரு மூடி. சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பட்டி கூரை வரை அடுக்கியிருந்ததால் எங்கள் பக்கமும் எந்நேரமும் கருப்பட்டி வாசனைதான். இது முக்கியம், பின்னால் புரியும்.

அண்ணாச்சி என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் சாத்தான்குளத்துப் பக்கம் படித்த கிறிஸ்தவப் பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க முடியும் என்பது அவர் எண்ணம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம், என் அப்பா தலைமை ஆசிரியர், அம்மா ஆசிரியை, சித்திகள் இரண்டு பேரும் ஆசிரியைகள். எங்கள் வீட்டில் பிரார்த்தனைக்கு அடுத்தபடி பேசப்பட்டது பரீட்சை. அப்பாவின் மிஷன் பள்ளியில் விஞ்ஞான டீச்சர் இடம் ஒன்று எனக்காகவே காலியாக இருந்தது. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடித் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஜூன்ல ஸ்கூல் தெறக்குத வரைக்கும் பாரு. அதுக்குள்ள அந்த டேங்கு உருப்படலன்னா பேசாம வந்து வேலைல சேரு." நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். டேங்க் உருப்படாமல் போகும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் பெரியதாழைக்காரர். கப்பல் என்ஜின் அறையில் பல வருஷம் வெந்து தணிந்த மனிதர். ஆவி விட்டு டேங்கைச் சுத்தமாக்குவது, காற்றைத் திறப்பது, மூடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கடலைப் புண்ணாக்கும் மரவள்ளி மாவும் கரைக்கிற என் அறைக்கு அவர் 'குசினி' என்று பெயர் வைத்தார். சமையலறையை அவர்கள் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள். "எம்மா, குசினில இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டபடிதான் காலையில் உள்ளே வருவார். ஒவ்வொரு முறை ஆவி திறக்கும்போதும் சிலுவை போட்டுக்கொள்வார்.

முதல் முறை டேங்க் ஓட்டியபோது என்சைம் நன்றாகவே வந்தது. என் கண்ணாடிக் குடுவைகளில் வந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் மோசமில்லை. மில்லுக்கு ஒரு ஜாடி கொடுத்தனுப்பினோம். சாயப் பிரிவு மாஸ்டர், "பரவால்ல. இதவிட வீரியமா ஒரு டிரம் குடுங்க, பாத்துட்டு ஆர்டர் சொல்லுதோம்" என்றார். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. நான் அப்பாவுக்குப் பெருமையடித்து ஒரு கடிதம் போட்டேன்.

அடுத்த முறை பாதி வீரியம்கூட இல்லை. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்தது. அயோடின் சொட்டு விட்டால் சோதனைக் குழாயில் இருப்பது கருநீலமாகச் சிரித்தது. அதே மாவு, அதே புண்ணாக்கு, அதே பாக்டீரியா. குடுவையில் போட்டால் அள்ளிக் கொடுக்கிறது. டேங்கில் போட்டால் கையை விரிக்கிறது. காற்றைக் கூட்டினேன். துடுப்பின் வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். வெயிலில் டேங்க் கொதிக்கிறதோ என்று ஈரச் சாக்கைச் சுற்றினேன். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் சாக்கை நனைக்கிறாள் பார் என்று பக்கத்து உப்புக் கிடங்குக்காரர்கள் கேலி செய்தார்கள். புளித்துப் போகிறதோ என்று கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அவர் பாவமாகப் பார்த்துவிட்டு, "மில்லுக்காரவிய கேட்ட டிரம்ம நம்மளால குடுக்க முடியலன்னா டேங்க கழத்திருவோம் டீச்சரம்மா. கருப்பட்டி அடுக்கவும் எடம் பத்தல" என்றார். டேங்கைக் கழற்றினால் நான் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. மே மாதம் பிறந்துவிட்டிருந்தது.

ஒருநாள் மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். டேங்கிலிருந்து எடுத்த மாதிரி எப்போதும் குடுவையை விடத் தடிமனாக இருக்கும். பாக்டீரியா அவ்வளவு நெருக்கமாக வளர்ந்திருக்கிறது. அதுவரை அதை ஒரு ஆறுதலாக நினைத்திருந்தேன், என்சைம் வராவிட்டாலும் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருக்கின்றனவே என்று. அன்றைக்குத்தான் உறைத்தது. நான் போடுகிற சாப்பாட்டுக்கு இவ்வளவு கூட்டம் பெருக முடியாதே? கணக்கு இடிக்கிறதே? மாவை வெட்டாமலே இவை எதைத் தின்று கொழுக்கின்றன?

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். அன்று காலைதான் டேங்கை நிரப்பி ஆவி விட்டிருந்தோம். பாக்டீரியா இன்னும் உள்ளே போகவில்லை. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, நீரிழிவுக்காரர்களின் சிறுநீரைச் சோதிக்கிற அதே நீலக் கரைசலை விட்டுச் சூடு பண்ணினேன். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்தில் போய் நின்றது. நான் சர்க்கரை ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை.

"எண்ணே, நம்ம டேங்குக்கு சர்க்கர வியாதி வந்திருக்கு" என்று பாய்லர்க்காரரிடம் குழாயைக் காட்டினேன்.

அவர் உற்றுப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "அண்ணாச்சி போடுத கருப்பட்டியா இருக்கும் எம்மா."

"என்ன கருப்பட்டி?"

"ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க குசினில இருந்து கொழம்ப ஊத்திட்டு அங்கன லேபுக்குப் போவியள்லா, அப்ப வந்து போடுவாவ. மொத நா ஒண்ணே ஒண்ணுதான் போட்டாவ. அதுல நல்லா வந்திச்சா, அப்பொறம் கூட்டிக்கிட்டே வாராவ. இன்னைக்கு ஒரு கொட்டான் நெறைய."

கொட்டான் என்றால் ஓலைப் பெட்டி. அது நிறைய என்றால் எவ்வளவு இருக்கும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் காரியத்தையும் இனிப்போடு தொடங்க வேண்டும் என்பது அண்ணாச்சி குடும்பத்து வழக்கம். புதுப் பானையிலும் முதலில் கருப்பட்டி, புது லாரியிலும் முதல் மூட்டை கருப்பட்டி. அதே மரியாதையை டேங்குக்கும் செய்திருக்கிறார். மூடி திறந்திருக்கும், உள்ளே பழுப்புக் குழம்பு, சுற்றிலும் எப்போதும் உள்ள கருப்பட்டி வாசனை. எனக்கு எப்படித் தெரியும்?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அண்ணாச்சியின் கடைக்கு நடந்தேன். கடை நிறைய ஆட்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி! டேங்குக்குள்ள என்ன போட்டிய?"

"கருப்பட்டிதான?" என்றார் அவர், கையில் தராசோடு. "நல்ல உடன்குடிச் சரக்கு டீச்சரம்மா. ஒரு கலப்படம் கெடையாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சாமிய நெனச்சுப் போடுததையெல்லாம் சொல்லணுமா? நீங்க வேதக்காரவிய, சங்கடப்படுவியளேன்னுதான் நீங்க இல்லாதப்ப போட்டேன்."

நியாயமாக இந்த இடத்தில் எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். என் மனசு நோகக் கூடாது என்று ஒளித்துப் போட்டிருக்கிறார் மனிதர். எனக்கு இளகவில்லை. அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது.

"நான் ஒண்ணும் டீச்சர் இல்ல! டீச்சராப் போவக் கூடாதுன்னுதான் இங்கன வந்து சாக்க நனைச்சுக்கிட்டுக் கெடக்கேன்! அந்தப் பாக்டீரியாவுக்கு சர்க்கர கெடைக்குத வரைக்கும் மாவ ஏறெடுத்தும் பாக்காது. மாவ வெட்டணும்னாத்தான் என்சைம் விடும். அது விட்டாத்தான் நமக்குச் சரக்கு! நீங்க கொட்டான் கொட்டானா ஊட்டி, அத புதுமாப்பிள்ள கணக்கா கட்டில்ல படுக்கப் போட்டுட்டிய! விருந்து சாப்புடுத மாப்பிள்ள வேல செய்வானா?"

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்க வீட்ல ஒண்ணு படுத்துக் கெடக்கது பத்தாதுன்னு இங்கனயும் ஒண்ணா?" என்றார். அவருடைய மூத்த மருமகன் கல்யாணத்துக்கு வந்தவர், அதன்பிறகு ஊர் திரும்பவில்லை என்பது தூத்துக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும். கடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எந்த விஞ்ஞானப் புத்தகமும் அவருக்கு இவ்வளவு சீக்கிரம் புரிய வைத்திருக்க முடியாது.

ஆனாலும் வியாபாரி இல்லையா, பேரம் பேசாமல் விடவில்லை. "முழுசா நிறுத்தினா மனசு கேக்காதும்மா. ஒரே ஒரு துண்டு?" என்றார். முடியாது என்றேன். "ஒரு கிள்ளு?" கிள்ளும் கிடையாது. கடைசியில், டேங்க் தொடங்குகிற அன்று எங்கள் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுப்பது, இனிப்பு ஆட்களின் வயிற்றுக்குள் போவது, டேங்குக்குள் போகக் கூடாது என்று முடிவாயிற்று. அக்கம்பக்கம் பார்க்காமல் வெளியே இறங்கி நடந்தேன். முதலாளியைக் கடை நடுவில் வைத்துக் கத்தியிருக்கிறோம் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கருப்பட்டி நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. என்சைம் வந்தது, ஆனால் மில் கேட்ட வீரியம் இல்லை. மாவை ஒரேயடியாகக் கொட்டினால் டேங்க் பசையாகித் துடுப்பு முனகியது. அதனால் மாவைப் பாதியாக்கி, மீதியைக் கூழாகக் காய்ச்சி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பாக்டீரியா வளர்ந்து முடித்து, பசியில் நிற்கும்போதுதான் அதிகமாகத் துப்புகிறது என்பது தெரிந்தது. ஆனால் பசி அளவுக்கு மிஞ்சினால் அவை துப்பியதைத் தாமே அழித்துவிடும். சரியான நேரத்தில் நிறுத்த வேண்டும். அந்த நேரம் எது என்று பார்க்க, பகல் முழுவதும் டேங்கிலிருந்து எடுப்பதும் அயோடின் விடுவதுமாக என் விரல்களெல்லாம் கறை. பாய்லர்க்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பச்சப் பிள்ளைய எம்மா. வயித்துக்குப் போடாம இப்படி வேல வாங்குதியள, பாவமில்லையா?" என்பார். அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சுண்ணாம்பையும் நான் நிறுத்தவில்லை. அதில் உள்ள கால்சியம் சூட்டில் என்சைம் கெடாமல் காக்கும் என்று படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தவறான காரணத்துக்காகப் போட்ட ஒன்று சரியான காரணத்துக்காக உள்ளே இருந்தது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் டிரம் நிறைந்தது. சாயப் பிரிவு மாஸ்டர் கஞ்சி போட்ட துணி ஒரு கஜம் எடுத்துக்கொண்டு கிடங்குக்கே வந்துவிட்டார். அவர் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. அப்பா இறங்கினார். வண்டிக்காரர் ஒரு டிரங்குப் பெட்டியையும் இறக்கி உள்ளே வைத்தார்.

பெட்டியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் சாமான்களைக் கட்டி எடுத்துப் போகப் பெட்டியோடு வந்திருக்கிறார். ஒருநாள் பொறுக்க முடியவில்லையா இந்த மனிதருக்கு? "வாங்கப்பா" என்றுகூட முகம் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்டூலைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

பாய்லர் வெந்நீரை ஒரு வாளியில் பிடித்து, டிரம்மிலிருந்து அளந்து ஊற்றி, துணியை முக்கினோம். அண்ணாச்சி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நேரமானதும் மாஸ்டர் துணியை எடுத்து அலசிப் பிழிந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அயோடின் புட்டியைத் திறந்து ஒரு சொட்டு விட்டார். நீலம் வரவில்லை. துணியின் வேறு இடத்தில் விட்டார். அங்கேயும் வெறும் மஞ்சள்தான். நம்பாமல் நாலு மூலையிலும் விட்டுப் பார்த்தார்.

"வெளிநாட்டு டின் சரக்கு தோத்துது போங்க" என்றார். "மாசா மாசம் எத்தன டிரம் தருவிய?"

பாய்லர்க்காரர் விசில் அடித்தார். அண்ணாச்சி சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் ஒரு கருப்பட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, டேங்கைப் பார்த்து, என்னைப் பார்த்து, அதை மாஸ்டர் கையில் திணித்தார்.

நான் அப்பாவின் முன்னால் போய் நின்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். "பாத்தியளாப்பா? டேங்கு உருப்பட்டுடுச்சு. நான் வரமாட்டேன். பெட்டிய நீங்களே கொண்டு போங்க."

"தூக்கிப் பாரு" என்றார் அப்பா.

பிடியைப் பிடித்து இழுத்தேன். பெட்டி அசையவில்லை. அப்பா குனிந்து மூடியைத் திறந்தார். என் கல்லூரிப் புத்தகங்கள், நான் வீட்டில் விட்டு வந்த சேலைகள், தலையணை, அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய்.

"நீ கடைல வச்சு சத்தம் போட்டேல்லா, அன்னைக்கு நானும் ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன். வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டேன். எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல இந்தச் சத்தம் தாங்காதுளா. அப்படியே திரும்பி பஸ்ஸேறிப் போயி, மிஷன்ல எம்மவ வரமாட்டா, வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிட்டேன்."

"அன்னைக்கே சொல்லிட்டியளா? எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல? இத்தன நாளும் நான் செத்துச் செத்துப் பொழச்சேனே!"

"ஒங்க அம்மாவ ஒத்துக்க வைக்கணும்லா. அதுக்குத்தான் இத்தன நாளாச்சு."

அப்போதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னைக்கு அந்தத் துணி நீலமாயிருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

அப்பா ஊறுகாய் ஜாடியை வெளியே எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தபடி சொன்னார். "என்ன செய்ய? மறுபடியும் யார்ட்டயாவது சண்ட போட்டுச் சரியாக்குவ. அதுக்கும் நீ இங்கனதான இருக்கணும்."

அண்ணாச்சி, பாய்லர்க்காரர், மில் மாஸ்டர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.